மாடி மாறுகிறது, மாடல் மாறவில்லை

கட்டி முடிக்கிற வரைக்கும் பிம் மாடலுக்கு, அதாவது கட்டடத்தின் அத்தனை விவரமும் அடங்கிய கம்ப்யூட்டர் மாடலுக்கு, இருந்த மரியாதை, முதல் டெனன்ட் சாவி வாங்கிய நாளோடு போய்விடுகிறது. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய அலுவலகக் கட்டடங்களில் பெசிலிட்டி வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். ஏனென்றால், இது ஏதோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் சொந்தத் தலைவலி என்றுதான் மேலிடத்தில் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டுமானக் காலத்தில் அந்த மாடலுக்காக எவ்வளவு பாடுபடுகிறோம்! ஸ்ட்ரக்சர், ஆர்க்கிடெக்சர், ஏ.சி. டக்ட், பிளம்பிங், ஃபயர் லைன், எலெக்ட்ரிகல் என்று தனித்தனி ஃபைல். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து, டக்ட் எங்கே பீமில் இடிக்கிறது, கேபிள் ட்ரேயும் ஸ்பிரிங்ளர் பைப்பும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று வாராவாரம் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு எண் கொடுத்து வைக்கிறோம். வேலை முடிந்ததும் ஆஸ்-பில்ட் மாடல் என்று பெயர் போட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். மாடல் செய்த பிள்ளைகள் அடுத்த பிராஜெக்டுக்குப் போய்விடுவார்கள். மறுவருஷம் சாஃப்ட்வேர் லைசென்ஸைப் புதுப்பிக்க ஃபைல் வைத்தால், “அதான் பில்டிங் கட்டியாச்சே, இன்னும் எதுக்கு?” என்று கேட்கிறார்கள்.

இன்னும் எதுக்கா? கட்டடம் மாற ஆரம்பிப்பதே அன்றைக்குத்தான்.

நம் ஊரில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் வார்ம் ஷெல் நிலையில்தான் வாடகைக்குப் போகின்றன. தரை, தூண், லிஃப்ட், கழிப்பறை, ஏ.சி. காற்றை அனுப்புகிற ஏ.எச்.யூ., மெயின் ஃபயர் லைன் இவ்வளவும் உரிமையாளர் தருவது. உள்ளே வரும் தடுப்புச் சுவர், ஃபால்ஸ் சீலிங், விளக்கு, டக்டின் கிளைகள், டேட்டா கேபிள், பேன்ட்ரி, சர்வர் ரூம் எல்லாம் டெனன்ட்டின் வேலை. அவர்களுக்கென்று ஒரு இன்டீரியர் டிசைனர், வேலையை மேற்பார்க்க ஒரு பி.எம்.சி., ஒரு கான்ட்ராக்டர் வருவார்கள். வாடகை ஓட ஆரம்பிப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ராப்பகலாக வேலை நடக்கும். சில வருஷம் கழித்து அந்தக் கம்பெனி வேறிடம் போகும். போகும்போது எல்லாவற்றையும் இடித்து, வாங்கியபடி திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். பாதி இடிப்பார்கள், பாதியை அடுத்து வருகிறவர் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். இது போதாதென்று, இடத்தை மொத்தமாக எடுத்து மற்ற கம்பெனிகளுக்குத் தருகிற மேனேஜ்டு ஆபீஸ்காரர்கள் வேறு. வெள்ளிக்கிழமை ராத்திரி தடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தால், திங்கட்கிழமை காலையில் அங்கே வேறொரு கம்பெனி உட்கார்ந்திருக்கும்.

எங்கள் கட்டடத்தின் மாடலில் இன்றைக்கும் ஏழாம் மாடி ஒரு வெறும் ஹால். நிஜத்தில் அந்த மாடி இரண்டு கம்பெனிகளின் கை மாறி, இப்போது மூன்றாவது கம்பெனியிடம் இருக்கிறது. பட்டா மாற்றாமலே ஒரு நிலத்தைக் கைக்குக் கை விற்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. சிக்கல் வருகிற நாளில் எந்தத் தாளும் உதவாது.

சிக்கல் எப்படி வரும் என்று ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம், மத்தியான வேளை. ஏழாம் மாடியில் ஒரு மீட்டிங் ரூம் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஏ.சி.க்குக் குளிர்ந்த நீர் கொண்டுபோகிற சில்டு வாட்டர் லைனில் கசிவு. அந்தக் கிளையை மட்டும் அடைத்தால் போதும்; அதற்கென்று ஒரு ஐசொலேஷன் வால்வு இருக்கிறது, மாடலில் எண்ணோடு பளிச்சென்று தெரிகிறது. எங்கள் சீனியர் டெக்னீஷியன் டேப்லெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏறியவர் சீலிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து சொன்னார்: “சார், மாடல் சரியாத்தான் காட்டுது. வால்வு இதுக்கு மேலதான் இருக்கு. ஆனா முழுசா ஜிப்சம் போட்டு மூடி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சிட்டாங்க. ஒரு ட்ராப் டோர்கூட விடல.”

பக்கத்தில் எங்கேயாவது கழற்றுகிற டைல் இருக்கிறதா, அது வழியாகக் கை போகுமா என்று பார்க்கலாம் என்றால், அந்தச் சீலிங் எப்படிப் போட்டது என்பதற்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை. கடைசியில் ஷாஃப்டுக்குள் போய் ரைசர் வால்வையே அடைத்தார். ஒரு மீட்டிங் ரூமின் கசிவுக்காக மாடி முழுக்க ஏ.சி. போயிற்று. சென்னை மே மாதத்தில், கண்ணாடிக் கட்டடத்தில், ஜன்னல் திறக்காத மாடியில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது! டெனன்ட்டின் அட்மின் மேனேஜர் வந்து, தலை நரைத்த அந்த மனிதரைப் பார்த்து, “உங்க மெயின்டனன்ஸ் லட்சணம் இதுதானா?” என்று கேட்டார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அந்த வால்வை மூடி மறைத்தது அவரா? மறைத்த கான்ட்ராக்டர் பில் செட்டில் ஆகி என்றைக்கோ போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தகவல் இல்லாத கட்டடத்தில் திட்டு வாங்குகிறவர்கள் எப்போதும் ஏணியில் நிற்கிறவர்கள்தான்.

சரி, டெனன்ட்டிடம் மாடலைக் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கிறோம். பாதிப் பேர், “ஆட்டோகேட்தான் சார் இருக்கு” என்று பி.டி.எஃப். அனுப்புவார்கள். அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்னால் அனுமதிக்காக வரைந்தது. வேலை நடந்தபோது மாறியது எதுவும் அதில் ஏறியிருக்காது. மீதிப் பேர், மாடல் செய்கிற சாஃப்ட்வேரான ரெவிட்டின் ஃபைலே தருவார்கள். அங்கேதான் அடுத்த கூத்து.

எங்கள் மாடல் ரெவிட் 2021-ல் இருக்கிறது. டிசைனர் 2024-ல் செய்து அனுப்புகிறார். புது வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷன் திறக்காது. பின்னோக்கிச் சேமிக்கவும் அந்த சாஃப்ட்வேரில் வழி கிடையாது. சரி, எங்கள் ஃபைல் அத்தனையையும் 2024-க்கு ஏற்றிவிடலாம் என்றால், பதினோராம் மாடியில் 2022 வைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு டிசைனருக்கு எங்கள் மாடல் திறக்காமல் போய்விடும். ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 16739 என்ற எண்ணில் உலகத் தரமாகவே ஏற்கப்பட்டது. அதில் வாங்கினால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்தை மூல ஃபைலில் செய்வதுபோல் சுலபமாகச் செய்ய முடியாது. பார்க்கவாவது கிடைக்கிறதே என்று நான் இப்போது இரண்டையுமே கேட்கிறேன்.

திறந்த பிறகாவது நிம்மதி உண்டா? கட்டடம் முழுவதற்கும் ஒரே மூலப்புள்ளி, ஒரே வடக்கு, ஒரே லெவல் என்று வைத்துத்தான் அத்தனை ஃபைலும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். டிசைனரோ எங்கள் ஃபைலிலிருந்து ஏழாம் மாடியை மட்டும் நகலெடுத்து, திரையில் நேராகத் தெரியட்டும் என்று திருப்பிவைத்து, அந்த மாடித் தரையைப் பூஜ்யமாக்கி வரைந்திருப்பார். அதை எங்கள் மாடலோடு லிங்க் செய்தால், ஏழாம் மாடி அலுவலகம் தரைத்தளத்தில், லாபியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடக்கிறது. எங்கள் தூண்களையும் அவர் நகலெடுத்துவிட்டதால் தூண் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கிறது. நாற்காலியின் சக்கரம், ஸ்க்ரூ வரைக்கும் அச்சடித்தாற்போல் இருக்கும். அதே நாற்காலி நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஃபைல் நகராது. அதே மாடலில் சீலிங்குக்கு மேலே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வாடிக்கையாளருக்கு வண்ணப்படம் காட்டத் தேவைப்பட்டது நாற்காலி. எங்களுக்குத் தேவை சீலிங்குக்கு மேலே இருக்கிற ஒன்றரை அடி இடம். அந்த ஒன்றரை அடியை யாருமே வரைவதில்லை.

ரூம் பெயர்களைச் சொல்ல மறந்துவிட்டேன். மீட்டிங் ரூமுக்கு நதிகளின் பெயரை வைப்பது எல்லாக் கம்பெனிக்கும் பிடித்திருக்கிறது. மூன்று மாடியில் மூன்று காவேரி. “காவேரியில் ஏ.சி. வரலை” என்று ஹெல்ப் டெஸ்க்கில் புகார் பதிவாகிறது, ஆள் தவறான மாடிக்குப் போய் நிற்கிறார். அவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. கதவு ஓரத்தில் கட்டடத்தின் எண் ஒன்றும் சின்னதாக இருக்கட்டும், அதே எண் மாடலிலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். “பிராண்டிங் கெட்டுப்போகும்” என்கிறார்கள்.

இதெல்லாம் தொல்லை, அவ்வளவுதான், சகித்துக்கொள்ளலாம். தீ விஷயத்தைச் சகித்துக்கொள்ள முடியாது. அலுவலகம் போன்ற குறைந்த அபாய இடங்களில் ஒரு ஸ்பிரிங்ளர் தலை அதிகபட்சம் ஏறக்குறைய 21 சதுர மீட்டர் பரப்பைக் காக்கும் என்று கணக்கிட்டுத்தான் வெறும் ஹாலுக்கு வரிசை போடுகிறார்கள். அந்த ஹாலைத் தரையிலிருந்து சீலிங்வரை சுவர் வைத்து அறைகளாக வெட்டினால், ஒரு அறைக்குள் இரண்டு தலை அகப்படும், பக்கத்து அறைக்குள் ஒன்றுகூட இருக்காது. முதலில் அறை போடுகிறவர்கள் ஃபயர் கன்சல்டன்ட்டிடம் காட்டி மாற்றிவிடுகிறார்கள். மூன்றாம் வருஷம் நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஒரு ரூமை இரண்டாக்குகிறார்களே, அதை யார் பார்க்கிறார்கள்? மாடல் நடப்பில் இருந்தால், சுவரை ஏற்றிய அன்றைக்கே அந்த அறையில் தலை இல்லை என்று தெரிந்துவிடும்.

அதேபோல்தான் ஃபயர் பேனலும். ஒரு டிடெக்டர் அடித்தால் பேனலில் ‘லெவல் 7, ஓபன் ஆபீஸ்’ என்று வருகிறது. அங்கே ஓபன் ஆபீஸ் இல்லாமல் போய் எவ்வளவோ காலமாயிற்று. இப்போது அங்கே இருப்பது ஆக்சஸ் கார்டு போட்டால் மட்டும் திறக்கிற ஸ்டோர் ரூம், பேப்பரும் அட்டைப்பெட்டியும் அடுக்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு செக்யூரிட்டி அந்தப் பேனலைப் படித்துவிட்டு எந்தக் கதவைத் தேடுவார்?

2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அது குடியிருப்புக் கட்டடம், அங்கே பற்றிப் பரவியது வெளிச்சுவரின் பூச்சுப் பலகை. எங்கள் விஷயம் வேறுதான். ஆனால் அந்த விசாரணையின் முதல் கட்ட அறிக்கை 2019-ல் வந்தபோது, உயரமான கட்டடங்களின் உரிமையாளர்கள் ஒவ்வொரு மாடிக்கும் நடப்பிலுள்ள வரைபடத்தைத் தாளிலும் மின்வடிவிலும் தீயணைப்புத் துறைக்குத் தர வேண்டும் என்று சட்டமே வேண்டும் என்றது. அதற்கு முந்தைய வருஷம் கட்டட விதிகளைப் பற்றி ஜூடித் ஹேக்கிட் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கையும், ஒரு கட்டடத்தின் தகவல் வடிவமைப்பிலிருந்து புழக்கம் வரைக்கும் அறுபடாமல் வர வேண்டும் என்றது. 72 உயிர் போன பிறகு எழுதிய பாடம். அதைப் படித்துவிட்டுமா ‘ஆஸ்-பில்ட் எதுக்கு’ என்று கேட்பது?

உயிரைப் பற்றிச் சொன்னால் காதில் ஏறாதவர்களுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். லீசிங் டிபார்ட்மென்டின் எக்செல்லில் ஒரு பரப்பளவு, ஆர்க்கிடெக்ட் தந்த கேட் வரைபடத்தில் ஒன்று, மாடலில் ஒன்று. நாற்பதாயிரம் சதுர அடி மாடியில் ஒரு சதவீதம் பிசகினாலே 400 சதுர அடி. சதுர அடிக்கு 80 ரூபாய் வாடகை என்று வைத்தால் மாதம் 32,000, வருஷத்துக்கு 3,84,000. மாடியை இரண்டு டெனன்ட்டுக்குப் பிரித்து, நடுவில் பொது நடைபாதை விட்டபிறகு அந்தப் பரப்பை மறுபடி அளந்து ஏற்றாவிட்டால், இந்தப் பிசகு வருவது நிச்சயம். உரிமையாளர் இழப்பார், இல்லையென்றால் டெனன்ட் இழப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதற்காகப் பேசித் தீர்க்கிற நேரத்தில், ஒரு ஆளை வைத்து மாடலையே சரிசெய்துவிடலாம்.

இது எங்கள் ஒரு கட்டடத்தின் கதையும் அல்ல. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கட்டடத் தகவல்கள் ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒழுங்காகப் போகாததால் அந்த நாட்டில் வருஷத்துக்கு 15.8 பில்லியன் டாலர் வீண் என்று கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஆர்க்கிடெக்ட் தலையிலோ கான்ட்ராக்டர் தலையிலோ இல்லை. கட்டடத்தை வைத்துக்கொண்டு நடத்துகிற உரிமையாளர்கள் தலையில். லைசென்ஸ் பணத்தைக் குறைத்துச் சேமித்தோம் என்று சொல்கிறவர்கள் அதே உரிமையாளர்கள்தான்.

“இந்த டெக்னாலஜி இன்னும் புதுசு, மெல்ல வரும்” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். எது புதுசு? வரைபடங்களை வரைவதற்குப் பதில் கட்டடத்தின் விவரத்தையே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா வரைபடமும் மாறும் என்று கட்டடக்கலை ஆய்வாளர் சக் ஈஸ்ட்மன் 1975-லேயே எழுதிவிட்டார். தரமணியில் டைடல் பார்க் திறந்த அதே 2000-ஆம் ஆண்டில் ரெவிட்டின் முதல் பதிப்பு வந்துவிட்டது. கட்டடப் புழக்கக் காலத்தில் தகவலை எப்படிப் பராமரிப்பது என்பதற்கென்றே, பிம் தகவலுக்கான உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 19650-ன் மூன்றாம் பாகம் 2020-ல் வந்தது.

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு நெஞ்சு எரிவதே இந்த இடத்தில்தான். லண்டன், சிட்னி, நியூயார்க் கட்டடங்களுக்கு மாடல் செய்து தருகிற அலுவலகங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து, கடல் கடந்த ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு டெனன்ட் மாடியையும், ஒவ்வொரு கதவின் எண் வரைக்கும் சரிபார்த்து அனுப்புகிறார்கள். பிரிட்டனில் மத்திய அரசு பணம் போடுகிற கட்டடங்களுக்கு 2016-லிருந்து பிம் கட்டாயம், சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களின் அனுமதிக்கே மாடல் கொடுக்க வேண்டும், அதனால் அங்கே கேட்கிறார்கள், இவர்கள் செய்து தருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிற மாடியின் மாடல், நான் திறந்தால், வெறும் ஹாலாகத்தான் நிற்கிறது. கை நம்முடையது, திறமை நம்முடையது, நம் தலைக்குமேல் இருக்கிற சீலிங்கைப் பற்றி மட்டும் நமக்கு அக்கறை இல்லை.

டெனன்ட் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சர்வர் ரூம் எங்கே, கேமரா எங்கே, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதையெல்லாம் வெளியாளிடம் தர அவர்கள் தயங்குகிறார்கள். வங்கி வேலை, மருத்துவத் தகவல் வேலை பார்க்கிறவர்களுக்கு வாடிக்கையாளர் போட்ட நிபந்தனைகளே அப்படி. எனக்கு அது எதுவும் வேண்டாம். மேஜை வேண்டாம், கேமரா வேண்டாம். சுவர் எங்கே, கதவு எப்பக்கம் திறக்கும், சீலிங் என்ன உயரம், எங்கே கழற்றலாம், எங்கள் டக்டிலும் பைப்பிலும் மின்சாரத்திலும் எங்கே கை வைத்தீர்கள், தரைமேல் யு.பி.எஸ். பேட்டரி மாதிரி எவ்வளவு பாரம் ஏற்றினீர்கள், அவ்வளவுதான். கட்டடத்தோடு ஒட்டுகிற விஷயங்கள் கட்டடத்துக்குச் சேர வேண்டும்.

செய்கிற வழியும் பெரிய வித்தையில்லை. மூல மாடல் உரிமையாளருடையது, அதில் டெனன்ட் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு டெனன்ட்டுக்கும் மாடிக்கு ஒரு தனி ஃபைல். மூலப்புள்ளியும் லெவலும் போட்ட வெற்று ஃபைலை நாமே முதல் நாள் கையில் கொடுத்துவிட வேண்டும், எந்த வெர்ஷன் என்றும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சீலிங்கை மூடுவதற்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவர் ஏணி போட்டு மேலே பார்த்து, மாடலோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜிப்சம். வேலை முடிந்து தருகிற மாடல் சரியாக இருந்தால்தான், உள்வேலைக்காக டெனன்ட் கட்டிய ஃபிட்-அவுட் டெபாசிட் திரும்பப் போக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் ஒன்று போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். லிஃப்டில் ஒரு கீறல் விழுந்ததற்காக டெபாசிட்டைப் பிடித்து வைக்கத் தெரிகிற நிர்வாகத்துக்கு, ஒரு மாடியின் தகவலே வராததற்குப் பிடித்து வைக்கத் தெரியாதா? டெனன்ட் காலி செய்யும்போது அந்த ஃபைலைத் தேதி போட்டு எடுத்து வைத்துவிட்டு, இடித்த பிறகு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்த்து அடுத்ததைத் தொடங்கலாம். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கட்டடத்துக்கு ஒரு ஆள் போதும். ஒரே ஒரு ஆள்!

ஒன்பதாம் மாடி அடுத்த மாதம் கை மாறுகிறது. புது டெனன்ட்டுக்கான ஒப்பந்தம் இப்போது லீகல் டிபார்ட்மென்டில் இருக்கிறது. ஆஸ்-பில்ட் மாடல் வந்தால்தான் டெபாசிட் திரும்பப் போகும் என்று அதில் சேர்க்க வேண்டிய பத்தியை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், மொத்தம் ஐந்து வரி. “டெனன்ட் கோவிச்சுக்குவாங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சொல்லி அதை மறுபடியும் எடுத்துவிடாதீர்கள். கையெழுத்து ஆவதற்கு முன்னால் அதைச் சேர்த்துவிடுங்கள்.